மாருதிக்குள் குழந்தை

காரமடை தாண்டியதும் இளநீர் குடிக்கலாமென்று இல்யாஸ் காரை வேப்பமர நிழலில் ஓரங்கட்டினான். வாங்கி ஒரு வாரமே ஆன பழைய வெள்ளை மாருதி. புழுதிக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தார்கள். குழந்தை ஷைமா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். இல்யாஸ் முதலில் இறங்கினான். அவன் மனைவி உம்மல் குல்சும் பின்னாலேயே இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே நான்கு கதவுகளின் பட்டன்களும் ஒன்றாக இறங்கின.

சாவி உள்ளே தொங்கியது.

எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த சின்னான் ஒரு இரும்பு ஸ்கேலோடு வந்தான்.

"தானா எறங்குச்சுங்களா? இந்த வண்டில ஒண்ணொண்ணா அமுக்கோணுமுங்களே, பாய்."

"அத அப்பறம் பேசலாமுங்க. மொதல்ல தொறங்க" என்றான் இல்யாஸ்.

கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே ஸ்கேலை விட்டுச் சின்னான் துழாவினான். உள்ளே பூட்டுக்கம்பி மாட்டியது. இழுத்தான். பட்டன் எழுந்தது.

உடனே இறங்கியது.

"ஸ்பிரிங் போயிருக்குமுங்க" என்று மறுபடி இழுத்தான்.

இம்முறை மெதுவாக இறங்கியது. விரல் வைத்து அமுக்கியதுபோல.

மரத்தின் நிழல் நகர்ந்து, உச்சி வெயில் காரின் கூரைமேல் ஏறியது. ஷைமா விழித்துக்கொண்டாள். அழவில்லை. பக்கத்துச் சீட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"கொழந்த வெந்துபோயிருமுங்க" என்றாள் குல்சும்.

இல்யாஸ் கல்லை எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஓடினான். ஷைமா அந்தக் கண்ணாடியில் கன்னம் ஒட்டி நின்றாள். முன்பக்கம் ஓடினான். அங்கேயும் நின்றாள்.

ஷைமாவுக்கு இன்னும் நிற்க வராது.

அவளது கவுன் இரண்டு அக்குளிலும் சுருங்கியிருந்தது. யாரோ பிடித்துத் தூக்கியிருப்பதுபோல.

கல் அவன் கையிலிருந்து நழுவியது.

குல்சும் கண்ணாடி இடுக்கில் வாயை வைத்தாள். யாரிடம் பேசுகிறோமென்று அவளுக்கே தெரியவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தர மறுக்கும் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"ஏனுங்க, பாப்பாவுக்குப் பசிக்குமுங்க. குடுத்துருங்க. பாக்கோணும்னா ஒரு நாளைக்கு எங்கூட்டுக்கு வாங்க."

பட்டன் எழுந்தது.

ஸ்கேல் சின்னானின் கையிலேயே இருந்தது.

கதவைத் திறந்ததும், நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை வந்தது. அந்த வெயிலிலும் குழந்தையின் உடம்பு கழுவிய பாத்திரம்போலச் சில்லென்றிருந்தது.

"எதுக்கு அப்படிச் சொன்னே?" என்றான் இல்யாஸ், குரலைத் தாழ்த்தி.

"சும்மா பேச்சுக்குச் சொன்னேனுங்க. எல்லாத்துகிட்டயும் சொல்றதுதானுங்களே."

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். கோட்டைமேட்டில் வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. இல்யாஸ் முதலில் உள்ளே போய் விளக்கைப் போட்டான். குல்சும் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி பின்னால் நுழைந்தாள்.

ஷைமா தெருப்பக்கம் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வா" என்றாள்.

குல்சும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது.