வளையத்தில் நுழையாத டயர்

ஸ்ரீசரண் மேல் வேல்விழிக்குச் சந்தேகம் வரும்படி அவன் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. ஜெயித்தான், அவ்வளவுதான்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சரிவுச் சாலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே லாரி வராது. பலகையில் நாலு சக்கரம் பூட்டி, கயிற்றைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு, பிள்ளைகள் மேலிருந்து கீழே உருண்டு வருவார்கள். அந்தப் பந்தயத்தில் வேல்விழியை யாரும் முந்தியதே இல்லை. இந்த வருடம் பெண்ணாடத்திலிருந்து குடிவந்த ஸ்ரீசரண், ஒத்திகையிலேயே அவளை முந்திவிட்டான்.

அவன் வண்டியைச் சாக்குப் போர்த்தி இழுத்து வந்தான். எதை மறைக்கிறான்? டயரைத் துணியால் துடைத்தான். எதைத் தடவுகிறான்? ஒருநாள் வேல்விழி அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள். அவன் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அதுகூட அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

போன வருடம் பெரிய டயர், சின்ன டயர் என்று பெரிய சண்டையே நடந்திருந்தது. அதனால் இந்த வருடம் யார் டயரும் ஓர் அளவுக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். அளவு பார்க்க வேல்விழியே களிமண்ணில் ஒரு வளையம் செய்தாள். அது காய்ந்ததும், தன் வண்டியின் டயர் உரசாமல் நுழையும்படி உள்பக்கத்தைச் சுரண்டிச் சரிசெய்தாள். இந்த வளையத்துக்குள் நுழையும் டயர்தான் ஓடலாம். முதல் சோதனையில் எல்லார் டயரும் நுழைந்தன.

ஆனால் வளையத்தின் ஓரம் உதிரத் தொடங்கியது. வேல்விழியின் அம்மா பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறார். அவரிடம் கொடுத்து, பொம்மைகளோடு சூளையில் வைத்துச் சுட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது தட்டினால் கணீரென்று சத்தம் வந்தது.

பந்தயத்தன்று காலையில் அவள் நந்தகுமாரைத் தனியாகக் கூப்பிட்டாள். அவன்தான் கொடி அசைப்பவன்.

"ஸ்ரீசரண் டயரை மாத்தியிருப்பானோன்னு டவுட்டா இருக்குது. இன்னொரு வாட்டி பாத்துடலாம்."

நந்தகுமார் வளையத்தை எடுத்துக்கொண்டு போனான். ஸ்ரீசரணின் சக்கரத்தில் வைத்து அழுத்தினான். நுழையவில்லை. திருப்பி வைத்து அழுத்தினான். அப்போதும் நுழையவில்லை.

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் சாக்குப் போட்டு மூடினானா என்றான் ஒருவன். அப்போதே நினைத்தேன் என்றாள் ஒருத்தி. வண்டியை எடுத்துக்கொண்டு போ, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று நந்தகுமார் சொல்லிவிட்டான்.

"நான் மாத்தல. அதே டயருதான்," என்றான் ஸ்ரீசரண். யாரும் கேட்பதாக இல்லை. அவன் குனிந்து கயிற்றை எடுத்தான்.

வேல்விழிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் போய்விட்டால் முதல் பரிசு அவளுக்குத்தான். அப்போது சக்கரம் மெல்லத் திரும்பியது. டயரில் ஒரு நீலப் பெயின்ட் கறை தெரிந்தது. முதல் சோதனையின்போது, இது என்னவோ என்று அந்தக் கறையை மோந்து பார்த்ததே அவள்தான். அப்படியானால் இது அதே டயர். மாறியது டயர் இல்லை.

அவள் நந்தகுமார் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தாள். சூளையில் வேகும் மண் சுருங்கும். அதற்காகத்தான் பொம்மையைவிட அச்சைப் பெரிதாகச் செய்வார்கள். அந்த ஊரில் தினமும் இதைப் பார்க்கிற பிள்ளைகள் ஒருவருக்கும் வளையத்தின் மேல் சந்தேகம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

ஸ்ரீசரண் சாலையின் திருப்பம்வரை போய்விட்டான்.

"அவன நிறுத்துங்க. என் டயரையும் பாரு," என்று வேல்விழி தன் வண்டியை முன்னால் தள்ளினாள்.

அவள் டயரும் நுழையவில்லை.

"அப்போ நீயும் மாத்திட்டியா?" என்று நந்தகுமார் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"யாரும் மாத்தல. வளையந்தான் சூளையில சுருங்கிப்போச்சு. சுட்டு வாங்குனது நான்தான்." சத்தம் கேட்டு வண்டியோடு திரும்பி வந்திருந்த ஸ்ரீசரணின் பக்கம் அவள் திரும்பினாள். "உன் மேல சந்தேகத்தக் கிளப்புனதும் நான்தான். மன்னிச்சுக்கோ."

அவன் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான்.

இப்போது வேறு வம்பு வந்தது. அளவு பார்க்க வளையம் இல்லை என்றதும், ஒவ்வொருவரும் அடுத்தவர் டயரை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். வேல்விழி கொஞ்சம் யோசித்தாள்.

"எல்லாரும் சக்கரத்தக் கழட்டி ஒண்ணா வைப்போம். சீட்டுக் குலுக்கி எடுத்துக்கலாம். நம்ம டயரு யாருக்குப் போவும்னே தெரியாதப்போ, எவன் திருட்டு டயரு கொண்டாருவான்?"

முனகிக்கொண்டே எல்லாரும் கழற்றினார்கள். சீட்டில் வேல்விழியின் சக்கரங்கள் ஸ்ரீசரணுக்குப் போயின.

நந்தகுமார் கொடியை அசைத்தான். வண்டிகள் தடதடவென்று இறங்கின. வளைவில் வேல்விழி கயிற்றை இழுத்துப் பிடித்தாள். பக்கத்தில் ஸ்ரீசரண் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வழுக்கிக்கொண்டு போனான். அவனே முதலில் வந்தான். ஓடியது அவளுடைய டயரில்.

வேல்விழி மூச்சு வாங்க அவனிடம் போய் நின்றாள்.

"அந்த வளைவுல எப்படிடா திரும்புற? எனக்கும் சொல்லிக்குடு."

இந்த முறை ஸ்ரீசரண் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"என்னைத் தோக்கடிக்கத்தான கேக்குற?"

"ஆமா," என்றாள் வேல்விழி.

அவன் சிரித்துவிட்டான். வண்டிப் பலகையில் கொஞ்சம் நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டான்.