திரும்பிய நேரம்

நாற்பத்தேழாம் எண் பை காயவில்லை.

எண்பது டிகிரி சூட்டில் மூன்று நாளாக உலர்த்தும் அடுப்புக்குள் கிடந்த பை அது. உள்ளங்கை அகல நைலான் வலை, அதற்குள் மலைச்சரிவின் ஓக் மரச் சருகு. எவ்வளவு மக்குகிறது என்று பார்க்கக் காட்டில் போட்டு வைத்து எடுத்தது. முதல் நாள் பதினொரு கிராம். மறுநாள் பன்னிரண்டு. இன்று பதினான்கு. பிடாலியா தராசைத் துடைத்து, பூஜ்யத்தில் நிறுத்தி, மறுபடி வைத்துப் பார்த்தாள். பதினான்குதான். காட்டில் ஓராண்டு மக்கிய சருகு அடுப்பில் எடை குறையும். கூடுவதற்கு வழியே இல்லை. இரண்டு முறை ஒரே எடை வரும்வரை மறுபடி மறுபடி உலர்த்தி நிறுக்க வேண்டும் என்பது அந்த ஆய்வகத்தின் விதி.

பையைத் தொட்டாள். சூட்டில் கிடந்த சருகு நொறுங்கும். இது மெத்தென்று இருந்தது. ஈரமாக.

அதையும் சேர்த்து அடுப்பில் இருந்த பத்துப் பைகளும், அவளோடு ஆய்வு செய்த பான்ஷானின் முதுகுப் பையிலிருந்து எடுத்தவை. காட்டுக்குப் போன நான்காம் நாள்தான் அவன் கிடைத்தான், ஓடைப் பள்ளத்தில், கால் முறிந்து, பிணமாக. இரண்டு நாளாவது உயிரோடு இருந்திருப்பான் என்றார் மருத்துவர். அந்த இரண்டு நாளும் யாரும் அவனைத் தேடவில்லை.

காட்டுக்குப் போகிறவர்களுக்கென்று காவலாளியின் மேசையில் ஒரு பதிவேடு இருக்கும். திரும்பிய நேரம் எழுதாமல் விட்டால் இருட்டுவதற்குள் ஆள் அனுப்புவார்கள். மறுநாள் பேராசிரியரிடம் வசவு. அதனால் முதலில் இறங்கி வருபவர் மற்றவருக்கும் சேர்த்து எழுதிவிடுவது மாணவர்களின் வழக்கம். அன்று மழை வலுத்ததும் பிடாலியா முன்னால் இறங்கினாள். "மீதிப் பத்தையும் நான் எடுத்துட்டு வரேன். நீ போய் டீ போட்டு வை, மகாராணி!" என்று பான்ஷான் மேலிருந்து கத்தினான். இருவருக்கும் 4.10 என்று எழுதினாள். அவன் கையெழுத்தையும் அவளே போட்டாள். ஊருக்குப் போகும் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடினாள்.

இன்றுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை.

"பிடா." வாசலில் ஆய்வக உதவியாளர் கொங் தெய்லின் நின்றிருந்தார். "பான்ஷானோட அம்மா வந்திருக்காங்க. உன்னத்தான் கேக்கறாங்க. மொதல்ல மூஞ்சியக் கழுவு. அவங்களே உன்னவிடத் தெளிவா இருக்காங்க."

அம்மா தனியாக உள்ளே வந்தார். குடையிலிருந்து நீர் சொட்டியது. சால்வையில் விறகுப் புகை வாசனை. நின்றுகொண்டே பேசினார்.

"செத்தவங்கள 'கடவுள் வீட்டுல பாக்கு மென்னுட்டிருக்காங்க'ன்னு சொல்லுவோமே, அத என்னால சொல்ல முடியலம்மா. நாலு பத்துக்கு வந்துட்டான்னு எழுதியிருக்கு. வந்தவன் எதுக்கு மறுபடி காட்டுக்குப் போனான்? யாரு கூப்பிட்டா? அவன் வந்தத நீ பாத்தியா?"

இப்போது சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். அதன்பிறகு இந்த அறை இல்லை, பட்டம் இல்லை, இந்த அம்மாவின் கண்ணில் அவளும் இல்லை.

"பாத்தேன்மா," என்றாள் பிடாலியா. "தொப்பலா நனைஞ்சு வந்தான். டீ குடிச்சான்."

"எங்க உக்காந்தான்?"

ஜன்னலோரத்து முக்காலியைக் கை காட்டினாள்.

அடுப்பின் விசிறி நின்றது. அது நின்ற பிறகுதான் அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. மழைச் சத்தம் தொலைவுக்குப் போனது. காட்டுத் தரையில் சருகைப் புரட்டினால் அடியிலிருந்து எழும் குளிர்ந்த கருமண் வாசனை மெல்லப் பரவி, மேசைகளின் கீழே தங்கி, அவள் கணுக்காலைத் தொட்டது. அடுப்புக் கதவின் கீழிருந்து ஒரு நீர்க்கோடு இறங்கியது. தரையில் ஓடியது. முக்காலியை நோக்கி.

அம்மாவின் பார்வையும் அங்கேதான் இருந்தது.

"ஆமா," என்றார் மெதுவாக. "உக்காந்திருக்கான்."

முக்காலி கிறீச்சிட்டது. ஒரு முறை.

"அம்மா, இல்ல," என்றாள் பிடாலியா. "அவன் வரவே இல்ல. நான்தான் எழுதினேன். அவன் கையெழுத்த நான்தான் போட்டேன். இப்பச் சொன்னதும் பொய்மா. பொய்."

அம்மா திரும்பவில்லை. முக்காலியின் பக்கம் குனிந்து சிரித்தார்.

"இவ எப்பவும் இப்படித்தான் உங்கூட விளையாடுவாளாடா?"

பிறகு கையை நீட்டினார். காற்றில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், விரல்கள் கோதின.

"தலையெல்லாம் சருகு. பாரு."

ஒரு கறுத்த இலை தரையில் விழுந்தது. இன்னொன்று. ஈர இலைகள். எங்கிருந்தோ.

பிடாலியா கதவைப் பார்த்தாள்.

அம்மாவின் விரல்கள் கீழே இறங்கின. நெற்றி. கன்னம். நின்றன.

"வாயிலயுமா? கத்திக் கத்தி உள்ள போயிருக்கு. ஆ காட்டு. அம்மா எடுக்கறேன்."

இரண்டு விரல் விட்டு இழுத்தார். ஓர் இலை வந்தது. அதன் காம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. இன்னொன்று.

"இன்னும் பெருசா."

கை உள்ளே போனது. விரல்கள் தெரியவில்லை. மணிக்கட்டு தெரியவில்லை. முழங்கை வரை ஒன்றுமில்லாத இடத்துக்குள் விட்டு, அம்மா பொறுமையாக இழுத்துக்கொண்டே இருந்தார்.