உதறக் கூடாத காய்ச்சல்

மடிக்கேரியில் மழை விடவே இல்லை. குழந்தைகள் வார்டில் பகலிலும் விளக்கு எரிந்தது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த நர்ஸ் தேச்சம்மா மேசை இழுப்பறையைத் திறந்தாள். பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்றுகூட இனி இங்கே இருக்கக் கூடாது. அவற்றை அள்ளிப்போகும் வண்டி வருவதற்குள் உடையாமல் எடுத்து வாளியில் வைத்து மூட வேண்டும்.

"ஒண்ணு உடைஞ்சாலும் வெளிய ஓடிடணும் சிஸ்டர்," என்றார் அட்டெண்டர் சோமய்யா, வாளியில் பஞ்சைப் பரப்பியபடி. "வயித்துப் புள்ளைக்கு ஆகாது."

"வீட்ல மாமியார், இங்க நீங்களா அண்ணா?"

அவர் சிரித்துக்கொண்டே டேப் எடுக்கப் போனார்.

இழுப்பறையின் அடியில், பஞ்சில் சுற்றிய ஒன்று கிடந்தது. பிரித்தாள். பாதரசம் நூற்று ஆறில் நின்றது.

யாரோ உதறாமல் வைத்திருக்கிறார்கள். பழகிய மணிக்கட்டு தானாக அசைந்தது. வெள்ளிக் கோடு இறங்கியது. வாளியில் வைத்தாள்.

டெட்டால் வாசனைக்குள் இன்னொரு வாசனை. காய்ச்சல்காரக் குழந்தையின் வாய்ப் புளிப்பு.

வாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

நூற்று ஆறு.

எடுத்து இன்னும் பலமாக உதறினாள். கையுறைக்குள் விரல்கள் சில்லிட்டிருந்தன. அவள் பார்க்கப் பார்க்கக் கோடு மெல்ல ஏறியது.

வாசலில் சோமய்யா நின்றுவிட்டார். அவர் கண் மேசைமேல் கிடந்த பஞ்சில் இருந்தது.

"அத உதறினீங்களா?"

"ஆமா. ஏன்?"

"உங்களுக்கு யாருமே சொல்லலையா?" குரல் தாழ்ந்தது. "இந்த வார்டுல புள்ள செத்தா, அதுக்கு வெச்சத உதற மாட்டோம். பஞ்சுல சுத்தி ஒதுக்கிடுவோம்."

"உதறினா?"

"உதறின காய்ச்சல் எங்கயாவது விழணும்ல."

அவர் அவள் வயிற்றைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயன்றது தெரிந்தது.

"சும்மா இருங்கண்ணா," என்றாள். சிரிப்பு வரவில்லை.

அதையும் வாளியில் வைத்து, மூடியை அழுத்தி டேப் சுற்றினார்கள். வண்டி வந்து வாளியை ஏற்றிக்கொண்டு மழைக்குள் மறைந்தது.

தேச்சம்மா பேட்டரித் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துத் தன் அக்குளில் வைத்தாள். அது கீச்சிட்டது. தொண்ணூற்றெட்டு.

மூச்சு வந்தது. கையுறையைக் கழற்றி, வயிற்றில் கை வைத்தாள்.

ஒரே ஓர் இடம் கொதித்தது. சின்ன நெற்றி அளவுக்கு.

கையை நகர்த்தினாள்.

அந்தச் சூடும் உள்ளங்கையைத் தேடிக் கூடவே நகர்ந்தது.