இடது கை நனையாத ஊர்

மதிநகரில் தலையில் ஊற்றிய தண்ணீர் சட்டென்று தரைக்கு வராது. நிலவின் ஈர்ப்பு அவ்வளவுதான். உடம்பைக் கட்டிக்கொண்டு, இண்டு இடுக்கெல்லாம் புகுந்து, நிதானமாக இறங்கும். வாரத்துக்கு ஒரே குளியல் என்பதால் குடிமக்களும் அதை அவசரப்படுத்துவதில்லை.

அன்று பரிமளகாந்தியின் முறை. கண்ணாடிக் குவிமாடத்துக்குள் கீரை பயிரிடுகிறவள். கணுக்கால் எலும்பில் கிருமி புகுந்ததால், இடது மேல்கையில் செருகிய மெல்லிய குழாய் வழியாக அவளுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. குழாயின் மறுமுனை இதயத்தின் வாசல்வரை போயிருந்தது. போன குளியலில் குழாயைச் சுற்றிய கட்டுக்குள் தண்ணீர் புகுந்து, குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. பிழைத்ததே பெரிய பாடு. புதுக் குழாய் வைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது.

குளியலறை வாசலில் செவிலியந்திரம் கையுறை போன்ற, தண்ணீர் புகாத நீண்ட நீருறையோடு நின்றது.

"மருந்தை நிறுத்திக் குழாய் வாயை மூடிட்டேம்மா. இந்த உறையை மாட்டிக்கங்க. கையைத் தண்ணிக்கு வெளியே தூக்கி வச்சுக்கங்க."

"அது அரிக்குது. எனக்கு வேண்டாம்."

"போன தடவை காய்ச்சல்..."

"அது வேற காய்ச்சல். ஊரெல்லாம் இருந்துச்சு."

செவிலியந்திரம் காற்றில் ஓர் இதயத்தை வரைந்து, ஈரமான கட்டுக்குள் பெருகும் கிருமி குழாயோடு எப்படி அங்கே போய்ச் சேரும் என்று காட்டியது. பரிமளகாந்தி கொண்டையை அவிழ்த்தபடி பரிதாபமாகப் பார்த்தாள்.

"நீ என்னைக்காவது குளிச்சிருக்கியா?"

அவள் கதவைச் சாத்தப் போனாள்.

செவிலியந்திரங்கள் பொய் சொல்லக் கூடாது என்பது விதி. 'சொல்லிக்கிறாங்க' என்பது பொய்யா என்று விதியில் எழுதியிருக்கவில்லை. பூமியில் எங்கோ, யாரோ, என்றைக்கோ சொன்ன ஒன்றை அது தன் நினைவகத்தில் தேடியது. மனிதர்கள் சொல்லாதது என்று ஒன்று உண்டா? கிடைத்துவிட்டது.

"இன்னொண்ணும் இருக்கு... வேண்டாம், விடுங்க."

கதவு நின்றது. "என்னது?"

"குளிக்கிறப்போ இடது கை நனைஞ்சா முடி கொட்டுதுன்னு சொல்லிக்கிறாங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன!" என்று உறையைப் பிடுங்கி அவளே மாட்டிக்கொண்டாள். கையைத் தலைக்குமேல் தூக்கியபடி ஆனந்தமாகக் குளித்து முடித்தாள். கட்டுக்குள் பொட்டு ஈரமில்லை. காய்ச்சலும் வரவில்லை. சாயங்காலம் பக்கத்துக் குடில் ஜெசிந்தாவிடம் மட்டும், ரகசியமாக, விஷயத்தைச் சொன்னாள்.

கால் குணமாகி, குழாயை எடுக்க மருத்துவமனைக்குப் போனபோது டாக்டர் அன்வர்தீன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டோர்ல ஒரு நீருறைகூட இல்லம்மா! குழாயே இல்லாதவன் எல்லாம் மாட்டிக்கிட்டுக் குளிக்கிறான். நிஜ நோயாளிக்கு நான் எதைக் குடுப்பேன்? ராக்கெட் ஏறி வந்தும் புத்தி ஏறலையே!"

திட்டிக்கொண்டே பதமாகக் குழாயை உருவினார். அப்போதுதான் பரிமளகாந்தி கவனித்தாள். அவர் இடது புஜத்தைச் சுற்றி, உறையின் விளிம்பு அழுந்திய சிவப்புத் தடம்.

அவர் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, உச்சியில் மிஞ்சியிருந்த நாலு இழையை மெல்லத் தடவினார்.

"நம்பிக்கையெல்லாம் இல்லம்மா... இருக்கிறதையாவது காப்பாத்திக்கணுமே!"