இஞ்சாருங்கோ

செத்துப்போன ழாக்கின் வீட்டிலிருந்து வான்கோழிச் சத்தம் வந்தது.

மூன்றாம் மாடியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த உதயன் கத்தியை நிறுத்திக் காது கொடுத்தான். மரத்தில் மரம் உரசும் கரகரப்பும் நடுவில் உடைந்து மேலேறும் ஒரு கேவலும் ஐந்தாம் மாடியில் கிளம்பி, ஈரக் கம்பளியும் யாரோ பொரிக்கும் மீனும் மணக்கும் உள்முற்றத்துக்குள் விழுந்து, லா ஷப்பல் பாலத்தில் போன மெத்ரோ ரயிலின் இரைச்சலில் அமுங்கி, அது போனதும் திரும்பவும் கேட்டன. மாலை ஐந்து மணிக்கே மார்கழி இருட்டு. மேல்வீட்டுச் சன்னலில் வெளிச்சமில்லை. போன மாதம் ழாக்கின் சவப்பெட்டி இறங்கிய பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

கனடாவில் காட்டு வான்கோழி வேட்டையாடியே பாதி ஆயுளைக் கழித்த மனிதர் அவர். உதயனுக்கு வான்கோழி என்றால் நத்தார் பண்டிகைக்கு ரெஸ்ரோறன்ற் குசினியில் மசாலா தடவும் சாமான், அவ்வளவுதான். ஆனாலும் படியில் அகப்பட்டால், சேவலை ஏமாற்றிக் கூப்பிடும் வித்தையைச் சொல்லி ழாக் கழுத்தறுக்காமல் விடமாட்டார். தூரத்தில் நிற்கும் சேவலுக்கு மூடியை உரசும் மரப்பெட்டி. கிட்ட வந்தால் கற்பலகையில் குச்சியைத் தேய்க்க வேண்டும், அது மெல்லிய சத்தம். இன்னும் கிட்ட வந்தால் அண்ணத்தில் ஒட்டிய சவ்வால் ஊதலாம், இரண்டு கையும் துவக்குக்கு. "பேர் தேவையில்லை, உதயன்," என்பார் பிரெஞ்சில். "அதனுடைய பெட்டை எப்படிக் கூப்பிடும் என்று தெரிந்தால் போதும்."

"பப்பா, செ குவா?" படம் கீறிக்கொண்டிருந்த கௌரி நிமிர்ந்து, அது என்ன என்று கேட்டாள். ஆறு வயது. தமிழ் விளங்கும், வாயில் வராது.

"ஒண்டுமில்லை. நீ கீறு."

சத்தம் நின்றது. வீடு ஒதுக்க யாரோ சாவி வாங்கி வந்திருப்பார்கள், அவர்களுடைய பிள்ளைகள் பெட்டியை எடுத்து விளையாடுகின்றன என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னான். பிறகு கல்லில் குச்சி தேயும் மெல்லிய கீச்சு. ஆனால் அது ஐந்தாம் மாடியில் இல்லை, ஒரு மாடி இறங்கியிருந்தது. சேவல் அசையவில்லை என்பதால் கூப்பிடுகிறவன் நெருங்கி வருகிறான் என்று உதயனுக்குத் தோன்றியது.

"இஞ்சாருங்கோ."

கதவுக்கு வெளியே, துஷாந்தி. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் புருஷனின் பேரைச் சொன்னதில்லை. பிரசவ வலியில் அலறியபோதும் இஞ்சாருங்கோதான். அந்தக் கடைசி எழுத்தை இப்படிச் செல்லமாக இழுக்க வேறு ஆளில்லை. லெ பிளாங்-மெனிலில் தமக்கை வீட்டுக்குப் போனவள் கை நிறையப் பைகளோடு நிற்கிறாளாக்கும் என்று அவன் கை தானாகப் பூட்டுக்குப் போனது.

அப்போதுதான் போன் அடித்தது.

"கார் து நோர் ஸ்ரேசனிலை இறங்கி நடந்து வந்திட்டன். இப்ப கீழை வாசல்லை நிக்கிறன்," என்றாள் துஷாந்தி. "வீட்டிலை பால் இருக்கோ?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவளே, பலகையில் வாய் வைத்ததுபோல்: "இஞ்சாருங்கோ."

பேரில்லாத அழைப்பு. எந்தப் புருஷனையும் கூப்பிடலாம். உதயன் பூட்டிலிருந்து கையை எடுத்தான்.

"துஷாந்தி, மேலை வராதையும். அங்கையே நில்லும்."

"என்ன? கேக்கேல்லை."

போனுக்குள் இன்னொரு குரல் கேட்டது. மாடிப்படி எதிரொலியோடு ஓர் ஆண்குரல். "இஞ்சை வாரும். நான் அஞ்சாம் மாடியிலை நிக்கிறன்."

அது உதயனின் குரல். அவன் வாய் மூடியிருந்தது.

"அங்கை என்ன செய்யிறியள்?" துஷாந்தி சிரித்தாள். "வாறன், லிஃப்டிலை ஏறுறன்." போன் அறுந்தது.

"கௌரி, வெளியிலை வராதை!" கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தான். படியில் ஒருவருமில்லை. பழைய இரும்புக் கூண்டு லிஃப்ட் கிறீச்சிட்டு ஏறி வந்தது. கம்பிகளுக்குள் அவள். "துஷாந்தி! போகாதையும்! அது நானில்லை!" அவன் குரலும் மேலேயிருந்த குரலும் ஒன்றோடொன்று கலந்தன. மேலேயிருந்ததும் அதையேதான் கத்தியது. அவள் அவனைப் பார்க்கவில்லை. சத்தம் வந்த உயரத்தைப் பார்த்தபடி, புருஷன் பயந்து கூப்பிடும்போது ஒரு பெண்சாதியின் முகம் எப்படி இருக்குமோ அப்படியொரு முகத்தோடு, அவனைக் கடந்து மேலே போனாள். கம்பியைப் பிடித்து இழுத்தான். அது நிற்கவில்லை.

ஓடினான். நாலாம் மாடி. ஐந்தாம் மாடி.

லிஃப்டில் ஆளில்லை. தரையில் அவள் பை, சிதறிய முருங்கைக்காய். ழாக்கின் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

"துஷாந்தி?"



படி விளக்கு அணைந்தது. சுவரைத் தடவினான். சுவிச் அகப்படவில்லை.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றது உள்ளேயிருந்து அவள் குரல்.

கௌரி. கீழே. கதவைத் திறந்தபடி விட்டு வந்திருக்கிறான்.

திரும்பினான். படியில் சின்னக் காலடிகள். ஏறி வந்தன. ஒரு சின்னக் கை அவன் கைக்குள் நுழைந்தது. இளஞ்சூடு. அப்பாடா என்றிருந்தது. இறுக்கிப் பிடித்தான்.

"வராதை எண்டு சொன்னனான் தானே, செல்லம்."

மூன்றாம் மாடியிலிருந்து, அவர்களுடைய வீட்டிலிருந்து, கௌரி வீரிட்டு அழுதாள். "பப்பா! பப்பா, து எ ஊ?" எங்கே, எங்கே என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.

கைக்குள் இருந்தது பேசவில்லை.

கூப்பிடுவது கௌரியா. பிடித்திருப்பது கௌரியா. விட்டுவிட்டு ஓடினால், விட்டது தன் பிள்ளையாக இருந்தால்?

அவனால் கையை விட முடியவில்லை. சின்ன விரல்கள் அவன் விரல்களைச் சுற்றி இறுகி, திறந்திருந்த கதவுப் பக்கமாக மெல்ல இழுத்தன.