இசக்கி கேட்ட கேள்வி

காலை மின்பேருந்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏறினால் மற்றவர்கள் தாமாகவே தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். அது ஒரு மரியாதை. உன் வாயிலிருந்து எதையும் பிடுங்க வரவில்லை தாயே, நிம்மதியாக இரு என்று அர்த்தம். பிள்ளைகளும் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வருவார்கள். தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் டயர் உருளுகிற சத்தம் மட்டும் கேட்கும். எல்லாம் இசக்கி ஏறும் நிறுத்தம் வரும் வரைக்கும்தான்.

"ஏட்டி ஜெனிட்டா, மழைல நனைஞ்ச காக்கா உடம்பச் சிலுப்புதுல்லா? அது குளுருதுன்னு சிலுப்புதா, இல்ல கனமா இருக்குன்னா?"

ஜெனிட்டா பாய்ந்து அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். "வாயை மூடுட்டி! பின் சீட்ல ஆள் இருக்கு."

"இருந்தா என்ன? அவருக்கும் தெரிஞ்சுக்கணும்னு ஆசை இருக்கும்லா."

பின் சீட்டு மனிதர் சங்கடப்பட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். நல்ல மனிதர் போலிருக்கிறது. எல்லாரும் அப்படி இருப்பதில்லை. ஊரில் பயிற்சி மையக்காரர்கள் மழலையர் பள்ளி வாசலில் ஐஸ்கிரீம் வண்டியோடு நிற்கிறார்கள். அந்த வயசுப் பிள்ளைகளிடம்தான் கேள்வி கொட்டிக் கிடக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் தாய்மார்கள் குழந்தையை வெளியே கூட்டிப்போகும்போதே "தெருவுல எதுவும் கேக்கக்கூடாது, வீட்டுக்கு வந்து அம்மா காதுல கேளு" என்று சொல்லித்தான் செருப்பு மாட்டிவிடுகிறார்கள்.

காரணம் பேரறிவி என்கிற இயந்திர மூளை. மனிதர்கள் கண்டுபிடித்த அத்தனையும் அதனுள் இருந்தது. கண்டுபிடிக்காததிலும் பாதியை அதுவே கண்டுபிடித்து வைத்திருந்தது. நியூட்டன் விதியை எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இனி என்ன வேலை என்று அரசாங்கம் யோசித்தது. கடைசியில் மேல்நிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடங்களைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள். இயற்பியலோ, வேதியியலோ, உயிரியலோ, எது வேண்டுமானாலும் சரி, பேரறிவிக்கு விடை தெரியாத ஒரு கேள்வியோடு வா. அந்தக் கேள்விக்கு ஓர் ஆய்வுக்கூடம், ஓர் ஆசிரியர், இரண்டு வருஷம் தருகிறோம். கேள்வி இல்லாதவர்களுக்குப் பராமரிப்புப் பிரிவு. குழாய், மோட்டார், சூரியத்தகடு. அதுவும் நல்ல பிழைப்புத்தான், ஆனால் அதற்கு யாரும் இனிப்பு கொடுத்துக் கொண்டாடுவதில்லை.

பேரறிவியிடம் கேள்வியைச் சொல்லிச் சோதிக்கிற அறைக்கு அரசாங்கம் வைத்த பெயர் வினாச்சல்லடை. பிள்ளைகள் வாயில் அது 'பில்டர்'. ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. ஒரு கேள்வியை யார் முதலில் உள்ளே சொல்கிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம். எங்கே பிறந்தது, யார் தலையில் முளைத்தது என்றெல்லாம் பில்டர் விசாரிப்பதில்லை.

ஜெனிட்டா இரண்டு வாய்ப்பைத் தொலைத்திருந்தாள். மூன்று மாதம் படித்து, படித்து, கண் வீங்கித் தயாரித்த கேள்விகள். முதல் கேள்வியை அவள் முடிப்பதற்குள்ளேயே "இதற்கு விடை உண்டு" என்று பில்டர் பணிவாகச் சொன்னது. இரண்டாவதற்கு விடையோடு படமும் போட்டுக் காட்டியது! அவமானத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அறிவியலில் அவளுக்குத் தெரியாத பக்கமே இல்லை. அதுதான் சனியன். தெரிந்ததையெல்லாம் சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர, தெரியாதது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

இசக்கிக்கோ அது வாயைத் திறந்தால் கொட்டியது. மார்க் என்று பார்த்தால் ஜெனிட்டாவின் பாதிகூட வாங்கமாட்டாள். ஆனாலும் சாப்பிடும்போது ஒன்று, சைக்கிள் பஞ்சர் ஒட்டும்போது ஒன்று, தூக்கம் வருகிற நேரத்தில் போன் போட்டு ஒன்று. அதில் பத்துக்கு ஒன்பது உளறலாகத்தான் இருக்கும். மிச்சம் ஒன்று இருக்கிறதே, அதைக் கேட்கிறபோது ஜெனிட்டாவுக்கு வயிற்றில் தீ வைத்தது போல எரியும். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? நான் என்ன பாவம் செய்தேன்? இவள் என்ன புண்ணியம் செய்தாள்? பல்லைக் கடித்துக்கொண்டு "வாயை மூடுட்டி" என்பாள். தோழியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள். உண்மையில் அந்தக் கேள்விகளைக் காதால் கேட்டுத் தாங்குகிற சக்தி அவளுக்கு இல்லை.

இத்தனைக்கும் இசக்கி ஒருமுறைகூட பில்டர் பக்கம் போகவில்லை.

"நாளையோட கடைசி நாளு. ஒனக்குக் கவலையே இல்லையாட்டி?" என்று ஜெனிட்டா கேட்டது, அன்று சாயங்காலம் இசக்கி வீட்டுக் கொல்லையில். இசக்கியின் அப்பா அங்கே தொட்டிகளில் நண்டு வளர்த்தார். ஓடு கழற்றிய, கழற்றப்போகிற நண்டுகளைக் கடலோரம் வாங்கிவந்து, ஓடு இறுகிச் சதை பிடிக்கும்வரை வைத்திருந்து விற்பது அவர் தொழில்.

"ரெண்டு வருஷம் ஒரே கேள்வியக் கட்டிக்கிட்டு அழணும்லா. மாத்தவும் முடியாது. எனக்கு அப்படி ஒண்ணும் மாட்டலட்டி," என்றாள் இசக்கி. தொட்டியின் விளிம்பில் முகவாயை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலை ஓடு கழற்றிய நண்டு ஒன்று உடைந்த மண்சட்டிக்குள் பதுங்கியிருந்தது. நேற்றுவரை பக்கத்தில் வந்ததையெல்லாம் கொடுக்கால் விரட்டிய பெரிய நண்டு அது.

"ஏட்டி," என்றாள் மெதுவாக. "இப்ப இது மெத்துன்னு இருக்கு. அடிச்சா செத்துரும். அதான் ஒளியுது. ஆனா தான் மெத்துன்னு ஆயிட்டோம்னு அதுக்கு எப்படித் தெரியும்? எங்கனயாவது இடிச்சுப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுமா? இல்ல, இடிக்கிறதுக்கு முன்னாலயே தெரியுமா? நான் இப்ப பலமில்லன்னு ஒரு உசுருக்கு உள்ளுக்குள்ள எது சொல்லுது?"

ஜெனிட்டா படித்ததையெல்லாம் மனசுக்குள் புரட்டினாள். ஓடு கழற்றச் சுரக்கும் நீர் தெரியும், அதன் பெயர் தெரியும், எந்தச் சுரப்பி என்றும் தெரியும். இந்தக் கேள்வி அதற்கெல்லாம் அந்தப் பக்கம் நின்றது. இதுதான், இதுதான் அது.

இசக்கி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஜெனிட்டா அதுவரை பார்த்திராத ஒரு வெட்கம். "நாளைக்கு இதப் போட்டுப் பாக்கட்டுமாட்டி? இதுன்னா ரெண்டு வருஷம் என்ன, இருவது வருஷம்கூடக் கெடப்பேன். எனக்கு இது நெசமாவே வேணும்."

எல்லாவற்றுக்கும் மேலே அந்த வார்த்தைதான் ஜெனிட்டாவைச் சுட்டது. வேணுமாம்! ராத்திரி பகலாகக் கண் முழித்தவள் இங்கே நிற்கிறாள், தொட்டியில் முகவாயை வைத்தவளுக்கு நண்டு வந்து கொடுத்துவிட்டுப் போகிறது. சாமிக்குக் கண் இருக்கிறதா?

"இதுவா?" என்று சிரித்தாள் ஜெனிட்டா. அந்தச் சிரிப்பு அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இது சின்னப் பிள்ளைக் கேள்விட்டி. ஓடு கழட்டுற ஹார்மோன் சமாச்சாரம்லா. படத்தோட பதில் சொல்லி அனுப்பிரும். எனக்கு ஆன மாதிரி அசிங்கப்படாத. வேற யோசி."

இசக்கி நம்பினாள். படிப்பு விஷயத்தில் ஜெனிட்டா சொல்லி அவள் நம்பாமல் இருந்ததே கிடையாது. "அப்படியா?" என்று முகம் வாடி, மறுபடியும் தொட்டிக்குள் பார்த்தாள்.

மறுநாள் காலை கடைசி நாள் கூட்டம். பள்ளி மைதானம் முழுக்கப் பெற்றோர்கள். ஜெனிட்டாவின் அம்மா புளோரா மாதா கோவில் மெழுகுவர்த்தியோடு வந்து நின்றாள். "ஏ பிள்ள, பதறாம சொல்லு. கடைசி வாய்ப்பு, பாத்துக்கோ," என்று மகள் நெற்றியில் சிலுவை வரைந்தாள். இசக்கியை எங்கும் காணவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள் ஜெனிட்டா.

பில்டர் அறைக்குள் ஒரு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி, கண்ணாடிக்கு அப்பால் அதிகாரிகள். நாற்காலியில் உட்கார்ந்து ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். வேறு ஏதாவது கேட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கேட்பதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இசக்கியின் கேள்வியை நல்ல எழுத்துத் தமிழில் சொல்லி முடித்தாள்.

பில்டர் உடனே பேசவில்லை. அந்த மௌனம் நீண்டுகொண்டே போக, கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எனக்குத் தெரியாது," என்றது பேரறிவி.

அதைக் கேட்டால் எழுந்து நின்று கைதட்டுவது வழக்கம். எல்லாரும் எழுந்தார்கள். வெளியே வந்தபோது புளோரா கூட்டம் என்றும் பார்க்காமல் மகளைத் தூக்கிச் சுற்றினாள். பள்ளிச் சுவரில் இருந்த பெரிய திரையில் கேள்வி ஒளிர்ந்தது, அதன் கீழே ஜெனிட்டாவின் பெயர், அதன் கீழே 'உயிரியல்'. அம்மாவின் தோளுக்கு மேலாக அவள் பார்த்தாள். திரைக்கு எதிரே, கையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இசக்கி நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் தோன்றாவிட்டாலும் ஜெனிட்டாவுக்குத் துணையாக இருக்கலாம் என்று வந்தவள்.

யானை வாயில் போன கரும்பு. சண்டை போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று இசக்கிக்கும் தெரியும். ஆனாலும் அவள் ஓடிவந்து தன் தலைமயிரைப் பிடித்து உலுக்குவாள் என்று ஜெனிட்டா எதிர்பார்த்தாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொய்கூட நாக்கில் தயாராக இருந்தது.

இசக்கி பக்கத்தில் வந்தாள். "பதில் இல்லையாம்லா," என்றாள். குரலில் கோபம் இல்லை. தன் கேள்வி நிஜமாகவே நல்ல கேள்விதான் என்று தெரிந்துகொண்ட ஆச்சரியம் கொஞ்சம் இருந்தது. பிறகு ஜெனிட்டாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ படிச்ச பிள்ள. நல்லா செய்வ," என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனாள். பில்டர் அறைக்குள் அவள் அன்று நுழையவே இல்லை.

ஜூன் மாதம் வகுப்புகள் தொடங்கின. ஜெனிட்டாவுக்கு ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தொட்டிகள், உணர்கருவிகள், எழுதிக் குவிக்க ஒரு திரை எல்லாம் கிடைத்தன. இசக்கி பின்கட்டுக் கட்டடத்தில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தாள். காலையில் அதே பேருந்து, பக்கத்துப் பக்கத்து இருக்கை. இசக்கி சண்டை போடவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. "பஸ் லேட்டாயிட்டு," என்பாள். "இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி," என்பாள். எல்லாமே முற்றுப்புள்ளி வைத்த பேச்சு. முன்பெல்லாம் பேருந்தே திரும்பிப் பார்க்கும். இப்போது அவளும் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் ஜெனிட்டா கிடந்து திணறினாள். மற்ற பிள்ளைகள் தங்கள் கேள்வியின் வாலைப் பிடித்து அடுத்த கேள்விக்கும், அதன் வாலைப் பிடித்து இன்னொன்றுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் தொட்டி முன்னால் உட்கார்ந்து நண்டையே பார்த்தாள். நண்டு ஒளிந்தது, இறுகியது, வெளியே வந்தது. அவ்வளவுதான். ஆசிரியை மரகதவல்லி பொறுமைசாலி, ஆனால் அவரே ஒருநாள் கேட்டுவிட்டார்: "ஏம்மா, இவ்வளவு நல்ல கேள்வி கேட்டவ, அடுத்து என்னன்னு உனக்குத் தோணவே இல்லியா?" ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது தொட்டியில் ஒரு விசித்திரம் நடந்தது. ஓடு கழற்றிய நண்டு ஒன்று ஒளியவில்லை. மெத்தென்ற உடம்போடு நடுத்தொட்டிக்கு வந்து, ஓடு இறுகிய வேறொரு நண்டின் மேல் தன் கொடுக்கை வைத்துக்கொண்டு நின்றது. அந்த நண்டும் அதை ஒன்றும் செய்யவில்லை. ஜெனிட்டா படம் பிடித்தாள். ஆனால் அதற்கு என்ன அர்த்தம், அதிலிருந்து எதைக் கேட்பது என்று அவளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

மானத்தை விட்டுவிட்டு, சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் படத்தை இசக்கியிடம் நீட்டினாள். "இதப் பாருட்டி."

இசக்கி பார்த்தாள். கையில் கிரீஸ் கறை. படம் ஓட ஓட அவள் கண் விரிந்தது. ஒருதரம் முடிந்ததும் மறுபடி ஓடவிட்டாள். புருவம் நெளிந்தது, உதடு பிரிந்தது, மூச்சை உள்ளே இழுத்தாள். ஜெனிட்டாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். வருகிறது, இதோ வந்துவிட்டது. அவள் காத்திருந்தாள்.

இசக்கி நிமிர்ந்து ஜெனிட்டாவைப் பார்த்தாள். பிரிந்த உதடு மெல்ல மூடிக்கொண்டது.

"நல்லா எடுத்திருக்க," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னமோ கேக்க வந்தியேட்டி?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுட்டி. சத்தியமா நான் யார்கிட்டயும்..." ஜெனிட்டாவுக்கு மேலே சொல்ல வரவில்லை. "ஒரே ஒரு தடவ கேளுட்டி. எனக்காகக் கேளு."

"ஒண்ணுமில்லன்னு சொல்லுதேன்லா. பஸ் வந்துட்டு, ஏறு."

இசக்கி முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஜெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்தாள். பேருந்து கிளம்பியது. இசக்கி கண்ணை எடுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்து போயிற்று. உள்ளே எதையோ கேட்டுக்கொள்கிறாள், தனக்குத் தானே. உயிரியல் ஜெனிட்டாவுடையது, ஆய்வுக்கூடம் அவளுடையது, சுவரில் ஒளிர்ந்த பெயர் அவளுடையது. அந்தக் கேள்வி என்னவென்று மட்டும் அவளுக்கு இனி யாரும் சொல்லப்போவதில்லை.