ஊசியா? பொத்தானா?

மூன்று தலைமுறையாகத் துணி தைக்கும் வீடு அது. அங்கே தைத்த சட்டையில் ஒரு பொத்தான் கழன்றது என்று இதுவரை ஒருவரும் படியேறி வந்து சொன்னதில்லை. தாத்தா பேசும்போது யாராவது குறுக்கே பேசினார்கள் என்றும் சொன்னதில்லை. அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் கத்தரிக்கோல்கூட வாய் திறக்காது.

அந்த வீட்டின் பேத்திதான் கடுகு. வயது பத்து. உருவத்தைப் பார்த்து வைத்த செல்லப்பெயர் அது.

அன்று சாயங்காலம் முன்னறையில் எல்லாரும் வேலையாக இருந்தார்கள். அவளுடைய தம்பியின் முதல் பிறந்தநாளுக்குச் சித்தப்பா சட்டை தைத்துக்கொண்டிருந்தார். அத்தை பொத்தான் டப்பாவைத் திறந்து வைத்து நிறம் தேடினாள். அம்மாவும் அப்பாவும் தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போயிருந்தார்கள். கடுகு வெட்டுத்துணிகளைப் பொறுக்கிப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். தம்பி மேசைக்கு அடியில் தவழ்ந்து, ஏதோ பாட்டுப் பாடுவதுபோல் கத்திக்கொண்டிருந்தான்.

திடீரென்று பாட்டு நின்றது.

அத்தை குனிந்து பார்த்து, அவனை வாரி எடுத்தாள். "ஐயையோ! இவன் எதையோ வாயில போட்டுட்டான்!"

"குண்டூசிதான்! சந்தேகமே இல்ல!" என்று சித்தப்பா தாவிப்போய்க் காந்தத்தை எடுத்தார். அந்த வீட்டில் எது தவறிக் கீழே விழுந்தாலும் முதலில் கைக்கு வருவது காந்தம்தான். அதைத் தம்பியின் வாய்க்கு நேராகப் பிடித்தார். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. சித்தப்பாவின் சட்டைப்பையில் குத்தியிருந்த மூன்று ஊசிகள்தான் பாய்ந்து வந்து ஒட்டிக்கொண்டன.

"பொத்தானா இருந்தா காந்தத்துல எப்படிடா ஒட்டும்?" என்றாள் அத்தை.

"ஊசியா இருந்தா ஒட்டும்ல!" என்றார் சித்தப்பா.

"ஊசியா பொத்தானான்னே தெரியலையே!"

தாத்தா நாற்காலியை விட்டு எழுந்தார். "தண்ணி கொடுங்க."

"தலைகீழாத் தூக்கினா விழுந்துடும்ப்பா," என்றார் சித்தப்பா.

"நான் விரலை விட்டு எடுத்துடறேன்," என்றாள் அத்தை.

கடுகு கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். போன வாரம் பள்ளிக்கு வந்த நர்ஸம்மா குழந்தையின் தொண்டையில் ஏதாவது அடைத்தால் என்ன செய்வது என்று இரண்டு ரப்பர் பொம்மைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். சின்னது, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு. பெரியது, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. எந்தப் பொம்மைக்கு வயிற்றை அழுத்த வேண்டும், எந்தப் பொம்மைக்கு மார்பை? எல்லாம் நூல்கண்டுபோல் சிக்கிக்கிடந்தது. ஒன்று மட்டும் தெளிவாக நினைவிருந்தது. குழந்தை இருமினால், அழுதால், மூச்சுப் போகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

"அத்தை, அவன் இருமுறானா?"

"பெரியவங்க பேசும்போது நீ..." என்று தாத்தா தொடங்கினார்.

தம்பியின் வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி வேணாம் தாத்தா! யாரும் விரலும் விடாதீங்க! சித்தப்பா, ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!"

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். சித்தப்பா காந்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ" என்றார். பிறகு போனைத் தேடி ஓடினார்.

கடுகு தம்பியை வாங்கிக்கொண்டு தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "இவனுக்கு ஒரு வயசு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு," என்றாள் அத்தை.

"இல்ல!" என்று உள்ளேயிருந்து சித்தப்பா கத்தினார்.

"பதிமூணாவது மாசம் நடக்குது," என்றார் தாத்தா.

யார் சொல்வது சரி? 'எந்தப் பொம்மையாக இருந்தாலும் முதலில் முதுகுதான்' என்று நினைத்துக்கொண்டாள் கடுகு. தம்பியைத் தன் தொடைமேல் குப்புறக் கிடத்தி, தலை கீழே தாழ்ந்திருக்கும்படி தாடையைத் தாங்கிப் பிடித்தாள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டினாள். ஒன்று. இரண்டு.

"குழந்தையைப் போட்டு அடிக்கிறாளே!" என்று அத்தை அலறினாள்.

தாத்தாவின் கை அவளைத் தடுக்க நீண்டது. பேத்தியின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

மூன்று. நான்கு. ஐந்து. ஒன்றும் வரவில்லை.

அடுத்து வயிறா, மார்பா? கடுகு நிமிர்ந்தாள். தையல் இயந்திரத்தில் பிறந்தநாள் சட்டை ஒரு கை இல்லாமல் தொங்கியது. அந்த வீட்டில் எந்தச் சட்டையும் நாள் கடந்து முடிந்ததில்லை. அப்படியென்றால் பிறந்தநாள் இன்னும் வரவில்லை!

சின்ன பொம்மைதான். அதன் மார்பில் நர்ஸம்மா இரண்டு விரலை வைத்தது இப்போது நினைவுக்கு வந்தது. தம்பியை மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

தம்பியின் வாயிலிருந்து ஏதோ தெறித்துத் தரையில் உருண்டது. நீலப் பொத்தான்.

ஒரு கணம் கழித்துத் தம்பி வீரிட்டு அழுதான்.

"நான் அப்பவே சொன்னேன்ல, பொத்தான்னு!" என்று அத்தையும் சேர்ந்து அழுதாள்.

சற்று நேரத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. உள்ளே ஓடிவந்த பணியாளர் தம்பியின் மூச்சைப் பார்த்தார், மார்பில் காது வைத்துக் கேட்டார். "இப்ப நல்லா இருக்கான். இருந்தாலும் ஒரு தடவை டாக்டர் பார்க்கணும். என்னதான் நடந்தது?"

"ஊசின்னு நினைச்சோம்," என்றார் சித்தப்பா.

"பொத்தான்!" என்றாள் அத்தை.

"காந்தம் வச்சும் வரல."

பணியாளர் பயந்துபோனார். "காந்தத்தையுமா முழுங்கிட்டான்?"

"எல்லாரும் வாயை மூடுங்க," என்றார் தாத்தா. பிறகு பணியாளரிடம் முதுகை நிமிர்த்திச் சொன்னார். "இவ எங்க வீட்டுப் பொண்ணு. இவளைக் கேளுங்க. இவ பேசி முடிக்கிற வரைக்கும் இங்க யாரும் குறுக்க பேச மாட்டோம்."

கடுகு வாயைத் திறந்தாள். அதற்குள் தம்பி முந்திக்கொண்டு, வீடே அதிரும்படி மறுபடி அழுதான். அன்று அவனை மட்டும் யாரும் அடக்கவில்லை.